முட்டி வலியா? செருப்பைத் திருப்பிப் பாருங்கள்: பாதம், கணுக்கால், முட்டி பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டி வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எக்ஸ்ரேவை இல்லை, செருப்பை. வாசலில் விட்டுவிட்டு வந்ததைக் கையோடு எடுத்து வரச் சொல்வேன். குடியாத்தத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நாள் முழுக்கக் காலை நம்பிப் பிழைக்கிறவர்கள்: ஷூ கம்பெனி, தோல் ஷாப்பு, தறி, ஓட்டல் அடுப்படி.

பேரணாம்பட்டுப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். ஷூ கம்பெனியில் பதினேழு வருட வேலை. வலது முட்டியில் எட்டு மாதமாக வலி. "இன்னா சார், முட்டியக் காட்ட வந்தா செருப்பக் கேக்கறீங்க?" என்று சங்கடப்பட்டுக்கொண்டே எடுத்து வந்தார். இரண்டையும் மேசை மேல் குதிகால் பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். இடது செருப்பு நேராக நின்றது. வலது செருப்பு யாரும் தொடாமலே உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கத்து ரப்பர் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது.

"வலது கால் எப்பவாவது மடங்கிச்சா அக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டு வருசம் முன்ன பஸ்ஸுல இருந்து எறங்க சொல்ல மடங்கிச்சு. எண்ணெ தடவி நீவி உட்டாங்க. வீக்கம் வத்திப் போச்சு. அதுக்கும் முட்டிக்கும் இன்னா சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுக்க பதில். சுவரில் வைத்து அளந்தபோது (எப்படி என்று நான்காம் படியில் சொல்கிறேன்) அவருடைய இடது கணுக்கால் 10 செ.மீ. மடங்கியது, வலது 5 செ.மீ.தான். வீக்கம் வற்றியிருந்தது உண்மை. ஆனால் மூட்டு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மடங்காத கணுக்காலுக்குப் பதிலாகப் பாதம் உள்ளே சாய்ந்து கொடுத்தது, அதோடு முட்டியும் உள்ளே திரும்பியது. ஒவ்வொரு அடியிலும், ஒவ்வொரு படியிலும், இரண்டு வருடம்.

படித்து முடித்த புதிதில் நானும் முட்டியை மட்டுமே பார்த்தவன். ஆரணியிலிருந்து வந்த ஒரு நெசவாளருக்கு ஆறு வாரம் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன், கரண்ட் வைத்தேன். குழித்தறியில் காலால் கட்டையை மிதித்து மிதித்து அவர் கணுக்கால் எப்படி இறுகியிருந்தது என்று ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வலி குறையாமலே அவர் வருவதை நிறுத்திவிட்டார். அந்தத் தவறு இன்றும் என் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் கீழிருந்து மேலே பார்க்கப் பழகினேன்.

பாதம் அசைந்தால் முட்டி ஏன் திரும்புகிறது?

படிப்பதை நிறுத்திவிட்டு வெறுங்காலில் எழுந்து நில்லுங்கள். புடவையோ லுங்கியோ முட்டி தெரிகிற அளவு தூக்கிக்கொண்டு, முட்டிச் சில்லைப் பாருங்கள். இப்போது பாதத்தை எடுக்காமல் உள்ளங்காலின் வளைவு மட்டும் தரையில் படியும்படி பாதத்தை உள்பக்கம் சரியவிடுங்கள். முட்டிச் சில்லு உள்ளே திரும்புகிறது, இல்லையா? இப்போது வளைவை மேலே தூக்குங்கள். சில்லு வெளியே திரும்புகிறது. முட்டியை நீங்கள் அசைக்கவே இல்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அதில் கணுக்காலுக்கு நேர் கீழே, குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிற மூட்டு, சாய்வாக அடித்த கதவுக் கீல் மாதிரி. பாதம் உள்ளே சாய்ந்தால் அந்தக் கீல் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை உள்ளே திருப்பிவிடும். நடக்கும்போது கொஞ்சம் சாய்வது இயல்பு. அதிர்வைத் தாங்க அது வேண்டும். சாய்ந்த பாதம் திரும்ப நிமிராமல் அப்படியே கிடந்தாலோ, ரொம்ப வேகமாகச் சாய்ந்தாலோதான் முட்டிச் சில்லு தன் தடத்தில் ஓடாமல் ஓரமாக உரசத் தொடங்கும்.

இரண்டாவது வழி, கணுக்கால் முன்பக்கம் மடங்குவது. சாதாரணமாக நடக்க சுமார் 10 டிகிரி போதும். குந்தி உட்கார 30 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் ஊரில் குந்துவது தினசரி வாழ்க்கை: பழைய மாதிரி கழிப்பறை, வாசலில் கோலம், அரிவாள்மணை, நாற்று நடுவது. கணுக்கால் மடங்காவிட்டால் உடம்பு வேறெங்கோ அதைத் திருடும். குதிகால் தூக்கிக்கொள்ளும், பாதம் வெளியே திரும்பும், அல்லது வளைவு சரிந்து முட்டி உள்ளே விழும். மூன்றிலும் சுமை கடைசியில் முட்டிச் சில்லின் பின்புறத்துக்குத்தான் வரும்.

மூன்றாவது, கெண்டைக்கால் சதை. அதன் மேல் அடுக்கு முட்டிக்கு மேலே தொடங்கிக் குதிகாலில் போய் முடிகிறது. ஒரே கயிறு இரண்டு மூட்டையும் கட்டியிருக்கிறது. அது இறுகினால் முட்டி முழுசாக நீளாது, குதிகாலும் சீக்கிரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

குதிகால் வலி, பெருவிரல் மூட்டு வலி, ஆணி இதெல்லாம் வேறு மாதிரி வேலை செய்கின்றன. வலிக்கிற இடத்தைத் தரையில் வைக்காமல் தப்பித்து நடப்போம். ஒரு காலைக் காப்பாற்ற இன்னொரு முட்டி சம்பளமில்லாமல் உழைக்கும். இடது குதிகாலில் வலி என்று ஆரம்பித்தவர் ஆறு மாதம் கழித்து வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவது இப்படித்தான்.

எல்லா முட்டி வலியும் பாதத்திலிருந்து வருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டுத் தேய்மானம் முட்டியில் வலியாகத் தெரியும். முதுகு நரம்பு அழுத்தமும் தெரியும். கால் வில் மாதிரி வளைந்த பெரியவர்களுக்கு முட்டி முதலில் வளைந்து, அதற்கு ஈடுகொடுக்கப் பாதம் பிறகு சாய்ந்திருக்கலாம். தட்டைப் பாதம் இருந்தும் ஆயுசு முழுக்க வலியில்லாமல் ஓடியாடுகிறவர்கள் ஏராளம். வலியில்லாத தட்டைப் பாதத்துக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது வளர்ச்சியில் ஒரு கட்டம், அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

தொடங்கும் முன்: இவர்கள் நேராக மருத்துவரிடம் போங்கள்

முட்டி வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. அடிபட்ட பிறகு நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிக் கெட்டியாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதை நீவவே கூடாது. முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றாலோ, பாதம் தூக்க வராமல் தரையில் இழுத்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாதம் சிவந்து, சுட்டு, வீங்கி, ஆனால் வலியே பெரிதாக இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். உணர்வு போன பாதத்தில் எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காலை ஊன்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை அது.

முதல் படி: மூன்று நாள் குறிப்பு

ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதுங்கள். வலி முட்டியின் முன்பக்கமா, உள்பக்கமா, வெளிப்பக்கமா, பின்பக்கமா? படி ஏறும்போதா, இறங்கும்போதா, உட்கார்ந்து எழும்போதா? காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதா? கடைசியாக, எந்தக் காலாவது எப்போதாவது சுளுக்கியதா, கட்டுப் போட்டதா? பத்து வருடம் முந்தையதாக இருந்தாலும் எழுதுங்கள். நிறையப் பேர் மறந்துவிட்ட விஷயம் இது. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாம் படி: செருப்பு சொல்லும் கதை

ஆறு மாதமாவது போட்ட செருப்பை எடுங்கள். புதுசு எதையும் சொல்லாது. அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

குதிகாலின் வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருப்பது இயல்பு. நாம் அந்த ஓரத்தில்தான் தரையைத் தொடுகிறோம். குதிகாலின் உள் ஓரமும், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டின் உள் ஓரமும் தேய்ந்திருந்தால் பாதம் உள்ளே சாய்கிறது. குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை வெளி ஓரம் முழுக்கத் தேய்ந்திருந்தால் வளைவு உயர்ந்த, விறைப்பான பாதமாக இருக்கலாம், அல்லது கால் வளைந்திருக்கலாம். அப்படிப்பட்ட பாதம் அதிர்வைத் தாங்காமல் நேராக மேலே அனுப்பும். முன் நுனி உரசித் தேய்ந்திருந்தால் பாதத்தைத் தூக்கும் சதைக்குப் பலம் குறைந்திருக்கலாம், அதை நரம்பு மருத்துவரும் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், இரண்டு செருப்பும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கிறதா என்பது. ஒன்று மட்டும் வேறு மாதிரி தேய்ந்திருந்தால், அந்தப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: ஈரக் கால், போன் கேமரா

காலை நனைத்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் மிதித்துவிட்டு நகருங்கள். தடத்தில் உள்பக்கம் நன்றாகக் குழிந்திருந்தால் வளைவு இருக்கிறது. குழிவே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டை. குதிகாலும் முன்பாதமும் மட்டும் தனித்தனியாகப் பதிந்து நடுவில் ஒரு கோடுபோல் இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ உயர்ந்த வளைவு.

ஈரத்தடம் நிற்கிற பாதத்தைத்தான் காட்டும், நடக்கிற பாதத்தை இல்லை. அதனால் வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து, தரையோடு தரையாக போனை வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் நேராக இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா? பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு காலில் மட்டும் வெளிப்பக்கம் நிறைய விரல்கள் தெரிகின்றனவா? அப்படித் தெரிந்தால் வளைவைத் தாங்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகி, கணுக்காலின் உள்பக்கம் வலியும் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

நான்காம் படி: சுவர் அளவு

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு ஸ்கேலும் சுவரும் போதும்.

சுவரைப் பார்த்து வெறுங்காலில் நில்லுங்கள். சோதிக்கிற காலை முன்னால் வையுங்கள், பெருவிரல் சுவரை நேராகப் பார்க்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முட்டியை இரண்டாம் விரலுக்கு நேராகக் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட்டுவிட்டால் பாதத்தை ஒரு செ.மீ. பின்னால் நகர்த்தி மறுபடியும். குதிகால் எழும்பாமல் முட்டி தொடுகிற கடைசித் தூரத்தில், சுவருக்கும் பெருவிரல் நுனிக்கும் நடுவே அளந்துகொள்ளுங்கள். பாதம் உள்ளே சரிந்து ஏமாற்றப் பார்க்கும், விடாதீர்கள்.

சுமார் 10 செ.மீ. வந்தால் நல்லது. அதைவிட நிறையக் குறைந்தாலோ, இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கணுக்கால் இறுகியிருக்கிறது. கெண்டைக்காலில் இழுத்து நின்றால் சதை இறுக்கம், அது வீட்டுப் பயிற்சிக்கு நன்றாக மசியும். கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் இடித்து நின்றால் தடை மூட்டுக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் கை வேண்டும், பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள்.

ஐந்தாம் படி: பலம், நிதானம், உணர்வு

சுவரில் விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நல்ல பலமுள்ள ஆளுக்கு இருபது, இருபத்தைந்து வரும். வயதானவர்களுக்குக் குறையும். இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது. பிறகு பிடிமானத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் முப்பது நொடி நின்று பாருங்கள். பழைய சுளுக்குக் கால் பத்து நொடியில் ஆடத் தொடங்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒரு நொடி லேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் மண்ணுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்ந்து போகின்றன என்று காட்டினார். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் பணி தொடர்ந்தது. உணர்வற்ற பாதத்துக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு இங்கெல்லாம் பழக்கத்துக்கு வந்தது அந்தப் பாதையில்தான். இன்று அதே செருப்பைச் சர்க்கரை நோயாளிகள் போடுகிறார்கள். உணர்வு குறைந்தவர்களுக்கு அது அவசியம். முட்டி வலிக்கென்று மட்டும் அதை வாங்கி ஏமாறவேண்டாம், வேலை வேறு.

ஆறாம் படி: பாதத்தை மாற்றி முட்டியைக் கேளுங்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் சந்தேகம்தான். தட்டைப் பாதம் இருக்கிறது, முட்டி வலியும் இருக்கிறது என்பதற்காக ஒன்றால் மற்றொன்று வந்தது என்று ஆகிவிடாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது.

நிச்சயமாக வலி வருகிற ஒரு அசைவைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு படி இறங்குவது, பாதி குந்துவது, எதுவானாலும் சரி. மூன்று தடவை செய்து வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். பிறகு அதே அசைவை நாலு விதமாகச் செய்யுங்கள்.

முதலில் இரண்டு குதிகாலுக்கும் கீழே 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகையோ பழைய புத்தகமோ வைத்துச் செய்யுங்கள். வலி இரண்டு மதிப்பெண்ணாவது குறைந்தால் கணுக்கால் இறுக்கத்துக்கு இதில் பங்கு இருக்கிறது. அடுத்து, பலகையை எடுத்துவிட்டு உள்ளங்கால் வளைவுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துச் செய்யுங்கள். குறைந்தால் பாதச் சாய்வுக்குப் பங்கு. மூன்றாவதாகத் துண்டும் இல்லாமல், விரல்களைச் சுருட்டாமல், பெருவிரல் மேட்டைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை நீங்களே தூக்கிக்கொண்டு செய்யுங்கள். குறைந்தால் நல்ல செய்தி, பாதத்துச் சதைகளைப் பழக்கினாலே போதும். நாலாவதாக முட்டியை மட்டும் வெளியே தள்ளி இரண்டாம் விரலுக்கு நேராக வைத்துச் செய்யுங்கள். இதில் மட்டும் குறைந்தால் பாதத்தைவிட இடுப்புச் சதைதான் பலவீனம்.

எதிலும் மாறவில்லையா? பாதத்தின் மேல் பழி போடாதீர்கள். செருப்புக்குள் வைக்கும் இன்சோல் வாங்கவும் வேண்டாம். முட்டியையும் இடுப்பையும் தனியாகப் பாருங்கள்.

பேரணாம்பட்டு அக்காவுக்குப் படி இறங்கும்போதும் பாதி குந்தும்போதும் வலி பத்துக்கு ஆறு. குதிகாலுக்கு அடியில் பலகை வைத்துப் பாதி குந்தச் சொன்னதும் இரண்டானது. "இன்னா சார் பண்ணீங்க?" என்றார். நான் முட்டியைத் தொடவே இல்லை.

ஏழாம் படி: பயிற்சி

கணுக்கால் இறுகியவர்களுக்கு, அளந்த அதே சுவர்தான் மருந்து. அளவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று, முட்டியால் சுவரை மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பதினைந்து தடவை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. கூடவே கெண்டைக்கால் இழுவை: முட்டியை நீட்டி முப்பது நொடி, முட்டியை மடக்கி முப்பது நொடி, மூன்று சுற்று. மேல் சதைக்கு ஒன்று, அடிச் சதைக்கு ஒன்று. ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

பலத்துக்குக் குதிகால் தூக்குதல். மூன்று எண்ணும்வரை ஏறி, மூன்று எண்ணும்வரை இறங்குங்கள். முதலில் இரண்டு காலில் பத்திலிருந்து பதினைந்து, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒற்றைக் காலுக்குப் போங்கள். குதிகால் வலி உள்ளவர்களும் இதைச் செய்யலாம், பெருவிரலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டால் உள்ளங்கால் சவ்வும் சேர்ந்து பழகும்.

வளைவைத் தூக்கி ஐந்து நொடி பிடிக்கும் பயிற்சி பத்துத் தடவை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. இவை நேரம் கேட்காதவை.

முட்டியையும் இடுப்பையும் விட்டுவிடக் கூடாது. பாதம் எவ்வளவு குற்றவாளியானாலும், தொடைச் சதை பலவீனமாக இருந்தால் வலி திரும்ப வரும். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து, மூன்று சுற்று. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்குவது பதினைந்து.

எவ்வளவு வலி தாங்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். பத்துக்கு மூன்று, நாலு வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடவேண்டும். இறங்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். அசைவு இரண்டு மூன்று வாரத்தில் கூடுவது தெரியும். பலம் வர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை சுவர் அளவை நோட்டில் எழுதுங்கள். மனசு தளரும்போது அந்த எண்கள்தான் கை கொடுக்கும்.

எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் சுமார் நாலு கிலோ சுமை குறையும். அரிசியைக் குறைக்கச் சொல்லும்போது நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று அவர்களே பெருக்கிப் பார்ப்பார்கள்.

எட்டாம் படி: காலில் என்ன போடுவது?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் வெளிநாட்டுக்குப் போகிற ஷூவைத் தைக்கிற பெண்கள், எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்பது தேய்ந்த ரப்பர் செருப்பில். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். அவர்கள் சம்பளத்தில் விலை உயர்ந்த ஷூ வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் விலையை விட்டுவிட்டு, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

கையில் எடுத்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கவேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுக்கினால் அது பாதத்தைத் தாங்காது. குதிகால் பக்கம் பட்டையோ கெட்டியான சுவரோ இருக்கவேண்டும். பட்டை இல்லாத செருப்பை விரல்களால் கவ்விப் பிடித்தே நடப்போம், அது தனி உழைப்பு. குதிகால் உயரம் இரண்டரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு.

வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலில் நடந்தால் குதிகால் வலிக்கிறவர்கள், வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். நிலைப்படிக்குள் செருப்பு கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், வெளியே போகாத புதுச் செருப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

இன்சோல் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஆறாம் படியில் துண்டு வைத்து வலி குறைந்தவர்களுக்குத்தான் அது. கடையில் கிடைக்கும் சாதாரணமானதையே முதலில் ஆறு வாரம் போட்டுப் பாருங்கள். முட்டியின் முன்பக்க வலிக்கு ஆரம்ப வாரங்களில் அது உதவும், பயிற்சிக்குத் துணையாக. ஆனால் கால் வில்லாக வளைந்து, முட்டியின் உள்பக்கம் தேய்ந்தவர்கள் தடித்த வளைவுப் பட்டையைத் தாங்களாக வாங்கி வைக்கக் கூடாது. உள்பக்கச் சுமையை அது கூட்டிவிடலாம். வெளி ஓரம் உயர்த்திய ஆப்பு இன்சோல் அவர்களுக்கென்றே விற்கிறார்கள், எல்லோருக்கும் அது பலன் தருவதில்லை.

கிரிவலமும் மலைப்படியும்

பௌர்ணமி நெருங்கினால் கிளினிக்கில் ஒரே கேள்வி: "அண்ணாமலையார சுத்தலாமா?" போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. 14 கிலோமீட்டர் வெறுங்காலில், தார் ரோட்டில் நடப்பது பழகாத பாதத்துக்குப் பெரிய வேலை. ஒரு மாதம் முன்பே வேலூர் கோட்டை மைதானத்திலோ ஊர்த் தெருவிலோ தினம் நடந்து தூரத்தைக் கூட்டுங்கள். அந்த நாளில் அஷ்ட லிங்கங்களில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கெண்டைக்காலை இழுத்துவிட்டு எழுங்கள். உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் போகவே கூடாது. சூடான கருங்கல்லில் தோல் வெந்துபோனது தெரியாமலே பிரகாரம் சுற்றிவிட்டு வந்தவர்களுக்கு நான் கட்டு மாற்றியிருக்கிறேன். கெட்டியான காலுறையாவது போடுங்கள், வெயிலுக்கு முன் போய்வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. கணுக்கால் மடங்காதவருக்கு இன்னும் அதிகம். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். கைப்பிடியை விடாதீர்கள். ரொம்ப வலித்தால் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி இறங்கலாம். கைத்தடி வைத்திருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். இப்போது ரோப்காரும் இருக்கிறது, ஏறிப்போய் இறங்கும்போது மட்டும் அதில் வந்தாலும் முட்டிக்குப் பெரிய உதவி.

நின்று வேலை செய்கிறவர்கள் மணிக்கொரு தரம் இருபது குதிகால் தூக்கல் செய்யுங்கள், மிஷினை விட்டு நகரவே வேண்டாம். ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்னப் பலகை மேல் வைத்து நிற்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலியில் மாற்றமே இல்லை என்றாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தாலோ வீட்டு முயற்சியோடு நிற்காதீர்கள். எலும்பு மருத்துவரைத் தவிர, உடல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு என்று ஒரு பிரிவே இருக்கிறது. தானே விபத்தில் நடக்க முடியாமல் போய், சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பில் வேலூர் பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் தொடங்கிய ஊர் நம்முடையது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியே வர முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

போகும்போது மூன்று நாள் குறிப்பு, சுவர் அளவு எழுதிய நோட்டு, நடக்கும் வீடியோ, ஆறாம் படியில் எதில் வலி குறைந்தது என்ற விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஐந்து நிமிடமே கிடைக்கிற இடத்தில் இவை உங்களுக்காகப் பேசும். முட்டியைக் காட்டியதும் "டாக்டர், இந்தக் கால் முன்னாடி சுளுக்கியிருக்குது, கணுக்காலையும் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்குப் பத்தாவது வாரத்தில் வலது கால் எட்டரை செ.மீ. வந்தது. படி இறங்கும் வலி ஆறிலிருந்து இரண்டு. ஓவர்டைம் பார்த்த நாளில் இன்னும் வலிக்கிறது. தம்பியை ஆம்பூருக்கு அனுப்பிக் குதிகாலில் பட்டை வைத்த செருப்பு வாங்கிவிட்டார். தேய்ந்த பழைய ஜோடியை எறிந்துவிடப் போனவரை நான்தான் தடுத்து, பையில் போட்டு வைக்கச் சொன்னேன். ஆறு மாதம் கழித்துப் புதுச் செருப்பையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.